மார்ச் 31-ம் படியில் மூச்சு வாங்கியது!

ஸ்காட்லாந்திலிருந்து நண்பன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பனி மூடிய மலை, நடுவே ஒற்றையடிப் பாதை, அதில் கரடி மாதிரி உடுத்திக்கொண்டு இவன். கீழே 'வின்ட்டர் வாக்!' என்று ஒரு வரி வேறு. நான் அதைப் பார்த்தது அம்பத்தூர் லோக்கலில், ஒற்றைக் காலில் நின்றபடி. வயிற்றெரிச்சல் வருமா, வராதா ஸார்?

அங்கே டிசம்பரில் விடிவதே எட்டே முக்காலுக்கு. மூணே முக்காலுக்கு இருட்டிவிடும். அதற்குள் மலையேறி இறங்கிவிட வேண்டும். ஹியூ மன்றோ என்று ஒருவர் (நம்ம மவுண்ட் ரோட்டில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் இல்லை, இவர் வேறு!) 1891-ல் 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளுக்குப் பட்டியல் போட்டார். இன்றைய கணக்குக்கு 282. அத்தனையும் ஏறி முடிப்பது அங்கே பலருக்கு ஆயுள் லட்சியம். பட்டியல் போட்ட மன்றோ மட்டும் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டு 1919-ல் போய்ச் சேர்ந்தார்.

பாக்கி என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வரும்.

அப்பா ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வருஷம் அம்பத்தூரில் அரக்கோணம் லோக்கல் ஏறி ஆவடியில் இறங்கியவர். அதே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனால் திருத்தணி. "ஒரு மார்கழியிலே படியேறணும்டா" என்பார். ஓவர்டைம், அக்கா கல்யாணம், என் பி.காம். ஃபீஸ்... "ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்" என்றார். ரிட்டயரும் ஆனார். ஆனால் முழங்கால் முந்திக்கொண்டது.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எங்கள் ஹாலில் முழங்காலளவு தண்ணீர். 74 வயது அப்பா இரண்டு ராத்திரி கட்டில்மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே தள்ளிப் போட வேணாம்டா."

டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை திருத்தணி லோக்கல். சென்ட்ரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிற ரயிலில், ஜன்னலோரமே கிடைத்தது! அப்பா தலையில் மங்கி குல்லா. ஆவடி வந்ததும், பழக்க தோஷம், எழுந்து நின்றுவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வண்டி புறப்பட்டு, பிளாட்பாரம் பின்னால் போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

திருநின்றவூர் தாண்டியதும் வயல்மேல் பனி, வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி. திருவாலங்காடு வந்தது. காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து வந்த ஊர். "நாம காலால நடக்கறதுக்கே இத்தனை வருஷம் யோசிச்சிருக்கோம்" என்றார் அப்பா.

திருத்தணி அடிவாரத்தில் அப்பா பஸ் ஏறினார். நான் படி ஏறினேன். மொத்தம் 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒன்று. வெள்ளைக்காரர் காலத்தில் ஜனவரி 1 என்றால் நம்மவர்கள் பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களாவுக்கு ஓடுவார்களாம். அவர்களை முதலில் தணிகைமலைத் துரையைப் பார்க்கும்படி திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அதிலிருந்து வருஷக் கடைசியில் இங்கே படித் திருவிழா. படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம், திருப்புகழ். (இப்போது நாம் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் மாலை போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்!)

காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? படிகளை லெட்ஜர் மாதிரி எண்ணிக்கொண்டே ஏறினேன். 31-வது படியில் ஜனவரி முடிந்தது. 90-வது படி, மார்ச் 31. சரியாக அங்கேதான் மூச்சு வாங்கியது. அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் ஆசாமிகளுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

338-வது படி, டிசம்பர் 4. முகம் தெரியாத ஒரு அம்மாள் அதற்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல நாள், கெட்ட நாள் என்று அவருக்குப் பேதமில்லை. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மேலே அப்பா மதிலோரம் காத்திருந்தார். பனி விலகிக்கொண்டிருந்தது. வடக்கே நகரி மலைத்தொடர், நீலமாக, அடுக்கடுக்காக. கீழே ஏரிகள் நிரம்பித் தளும்பின. எங்கள் ஹாலுக்குள் புகுந்த அதே மழைதான், இங்கே மட்டும் ஏரிக்குள் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. முருகன் கோபம் தணிந்த மலை இது. அதனால் கந்தசஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அப்பாவுக்கும் ஏதோ தணிந்த மாதிரி இருந்தது.

தரிசனம் முடிந்து வந்ததும் திடீரென்று, "என் கையைப் பிடிச்சுக்கோ" என்றார். படிக்கட்டுப் பக்கம் போய், ஒவ்வொன்றாக ஐந்து படி இறங்கினார். நின்றார். திரும்பி, அதே ஐந்து படியை ஏறினார். வியர்த்துக் கொட்டியது.

"ஏறியாச்சு" என்றார்.

"இன்னும் 360 பாக்கிப்பா."

"இருக்கட்டும்டா. அடுத்த வருஷக் கணக்குல கொண்டு போ!"

"அடுத்தது லீப் வருஷம். ஒரு நாள் ஜாஸ்தி."

"அதை நீ ஏறிடு."

ஸ்காட்லாந்து நண்பனுக்கு அன்றே பதில் போட்டோ அனுப்பினேன். மங்கி குல்லா, நெற்றி நிறைய விபூதி, பின்னால் நகரி மலை. கீழே ஒரு வரி: 'வின்ட்டர் வாக், ஐந்து படி!'