தெருவை எழுப்பாத மார்ஷல்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் அடுத்துப் பணத்தைக் கரைப்பது பெடல்களில்தான். இசைத்தட்டில் கேட்ட அந்தத் தடித்த ஒலி வீட்டில் வராதபோது, இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வந்து சேரும். அதிலும் வராது. கண்ணைப் பறிக்கும் வண்ணப் பெட்டிகளை விட்டு ஆம்ப் பக்கம் திரும்ப வெகுநாள் ஆகிறது.

வால்வு ஆம்பின் சுகமே அது திணறும்போதுதான். 100 வாட் மார்ஷல் ஆம்பைத் திணறவைத்தால் தெருவே எழுந்து வந்துவிடும். 10 வாட் ஆம்ப் என்றால் சத்தம் பத்தில் ஒரு பங்காகும் என்று நினைக்கத் தோன்றும். குறைவதோ 10 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய பாதி சத்தம், அவ்வளவே. படுக்கையறைக்கு 1 வாட்டே தாராளம். எரிக் கிளாப்டன் 1970-ல் மயாமியில் ‘லைலா’ ஆல்பத்துக்கு வாசித்தது ஃபெண்டர் சேம்ப் என்ற சின்னஞ்சிறு ஆம்பில்.

காதும் சும்மா இருப்பதில்லை. சத்தம் தணியத் தணிய, கீழ் சுருதியும் உச்ச சுருதியும் மற்றவற்றைவிட வேகமாகக் காதுக்கு மங்கிவிடும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். கடையில் முழங்கிய ஆம்ப் வீட்டில் சோகையாகக் கேட்பதற்கு இதுவும் காரணம்; பாஸையும் டிரெபிளையும் கொஞ்சம் ஏற்றினால் பாதி உயிர் திரும்பிவிடும்.

தெருவை எழுப்பாமல் ஆம்பைத் திணறவைக்கும் இந்தச் சிக்கலோடு விடாப்பிடியாக மல்லுக்கட்டியவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்து, போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே, மாசசூசெட்ஸில் தன் வீட்டு நிலவறையில் பாட்டுப் பதிவு செய்தவர். 1976-ல் வந்த ‘பாஸ்டன்’ ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே பிறந்ததுதான். பிற்பாடு ‘பவர் சோக்’ என்றொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதை மாட்டினால், ஆம்ப் முழு மூச்சில் அலறும்; சக்தியில் பெரும்பங்கு பெட்டிக்குள் வெப்பமாகப் போய், மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு வரும். 1982-ல் ஸ்பீக்கரையே கழற்றிவிட்டார்: இடுப்பில் செருகிக்கொண்டு ஹெட்ஃபோனில் வாசிக்கும் ‘ராக்மேன்’. இன்றைய ஹெட்ஃபோன் ஆம்புகளுக்கெல்லாம் அது பெரியண்ணன்.

ஆம்ப் அமைந்தபின் பெடல் பலகைக்கு ஒரு மரச்சட்டமும் வெல்க்ரோ நாடாவும் போதும். வழக்கமான வரிசை: கிட்டாரை அடுத்து ட்யூனர், ஓவர்டிரைவ், பிறகு கோரஸ், கடைசியில் டிலேயும் ரிவெர்பும். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் கொண்டுபோனால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும். அந்தக் கூழே வேண்டும் என்பவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடலாம்.

நிஜமான தலைவலி மின்சாரத்தில். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்தான் என்பதால், ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஓவர்டிரைவ் சில மில்லிஆம்பியரில் ஓடிவிடும். டிஜிட்டல் ரிவெர்ப் 100-க்கு மேல்கூடக் கேட்கும். போதாக்குறைக்கு, டிஜிட்டல் பெடலின் கடிகாரத் துடிப்பு பொதுக் கம்பி வழியே ஓவர்டிரைவுக்குள் நுழைந்து, பெருக்கப்பட்டு, கொசு ரீங்காரம்போல் ஸ்பீக்கரில் கேட்கும். பழி ஆம்பின்மேல் விழும். ஓவர்டிரைவுக்கு வரும் அடாப்டர் கிளையைப் பிடுங்கிவிட்டு அதை மட்டும் பேட்டரியில் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ரீங்காரம் நின்றால், அடுத்த பெடலுக்கு வைத்திருக்கும் காசு, ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைக்குப் போக வேண்டியது.