ஸ்ட்ராட்டன் மலையடியில் ஒரு கிறிஸ்துமஸ்

பாஸ்டன் விமான நிலையத்திலிருந்து வடமேற்காகக் காரில் மூன்று மணி நேரம் போனால் வெர்மான்ட் மாநிலத்தின் தென்மலைப் பகுதி வருகிறது. போகப் போக ஊர்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. வெள்ளை அடித்த ஒரு மரத் தேவாலயம், ஒரு தபால் நிலையம், பெட்ரோல் பங்கும் மளிகையும் சேர்ந்த ஒரு கடை. அங்கே அதற்குப் பெயர் ஊர். அதைத் தாண்டினால் மறுபடியும் காடு. டிசம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் வழி நெடுக வீட்டு ஜன்னல்கள்தான் துணை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒற்றை மெழுகுவத்தி. இப்போது பெரும்பாலும் பேட்டரி விளக்குதான் என்றாலும், இருட்டில் வருகிறவனுக்கு இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிற அந்தப் பழைய நியூ இங்கிலாந்து வழக்கத்தை யாரும் விடவில்லை.

பிராட்டில்பரோவைத் தாண்டும்போது அண்ணன் கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் கிப்ளிங் கட்டின வீடு" என்றார். வீட்டின் பெயர் நௌலாகா. 1892 முதல் 1896 வரை ருட்யார்ட் கிப்ளிங் இந்தப் பகுதியில் குடியிருந்தார். மௌக்லியும் பகீராவும் ஷேர்கானும் உலவுகிற 'ஜங்கிள் புக்' இந்தப் பனிக்கு நடுவே எழுதப்பட்டது. நம் மத்திய இந்தியக் காட்டை இப்படி ஒரு வெள்ளை உலகத்தில் உட்கார்ந்து ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதை, வெளியே பார்த்தபடி வெகுநேரம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அண்ணன் என் சித்தி மகன். வெர்மான்ட்டிலேயே பெண் எடுத்தவர். அண்ணியின் பெற்றோர் வீடு லண்டன்டெரி பக்கம், ஸ்ட்ராட்டன் மலைக்கு அருகில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அண்ணியின் அக்கா, தம்பி, அவர்கள் பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் அங்கேதான் கூடும். யார் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இந்த ஒரு வாரத்துக்கு வந்தே ஆக வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்குத் தாய்வீடு போவதில் இருக்கிற பிடிவாதம் அப்படியே இங்கும் இருந்தது.

மறுநாள் காலை வெளியே மைனஸ் 15 டிகிரி. மூச்சுக்காற்று மீசையிலேயே உறைந்தது. அந்தக் குளிரில் பனி காலுக்கடியில் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மெல்லப் பனி தூவ ஆரம்பித்தது. என் கறுப்புக் கையுறைமேல் ஒரு துகள் விழுந்தது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆறு கைகள். ஒவ்வொரு கையிலும் பெரணி இலைபோல் கிளைகள், கிளை நுனியில் கண்ணாடித் தகடு. எந்தத் தச்சரும் எந்தப் பொற்கொல்லரும் தொடாத அளவு நுணுக்கம். மூச்சு பட்டதும் நீர்த்துளியாகிவிட்டது. அடுத்த துகள் வேறு வடிவம். இதே மாநிலத்தின் வடக்கே ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். 1885-ல் நுண்ணோக்கியைக் கேமராவோடு பொருத்தித் தனியொரு பனித்துகளைப் படம் பிடித்தார். கறுப்புப் பலகையில் துகளைப் பிடித்து, உருகுவதற்குள் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அதே வேலையாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1931 டிசம்பர் 23-ல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலமானார். ஒரு மனிதன் ஆயுளைக் கொடுப்பதற்குத் தகுதியான பொருள்தான் அது என்று அந்தக் கையுறையைப் பார்த்தபோது தோன்றியது.

அன்று மரம் வெட்டப் போனோம். பல வீடுகளில் நவம்பர் கடைசியிலேயே கிறிஸ்துமஸ் மரம் வந்துவிடும். இந்த வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான். மரப் பண்ணையில் வரிசை வரிசையாகப் பால்சம் ஃபர் மரங்கள். ஆளுயர மரம் வளர எட்டுப் பத்து வருடம் ஆகும். பிள்ளைகள் முழங்கால் ஆழப் பனியில் ஓடி ஓடி ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்த்து, சண்டை போட்டு, ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தார்கள். மரத்தடியில் படுத்துக்கொண்டு அறுப்பது அந்த வருடம் யார் முறை என்று வீட்டில் கணக்கு இருக்கிறது. ரம்பம் ஓடியதும் கிளம்பிய வாசனையை எப்படிச் சொல்வது! பிசினும் பச்சையும் குளிரும் ஒன்றாகச் சேர்ந்த வாசனை. அது அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மரத்தில் தொங்கவிடும் பொருட்கள் ஒரு பழைய மரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்று. பின்னால் வருடம் எழுதியிருக்கும். எடுக்கும்போதே கதையும் வரும். இது நீ பல் விழுந்த வருஷம், இது தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம். அண்ணன் மகளுடைய வரிசையில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை பொறித்த மர வில்லை ஒன்றும் தொங்கியது. சித்தி அனுப்பியது. கல்யாணமாகிப் போகும்போது அந்தப் பிள்ளையின் பங்கு அதனோடு போய்விடுமாம்.

இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிற பண்டிகை இந்த மண்ணில் ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. பக்கத்து மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள், கிறிஸ்துமஸ் கொண்டாட வேதத்தில் ஆதாரம் இல்லை என்று சொல்லி 1659-ல் சட்டமே போட்டார்கள். கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-ல்தான் அது நீங்கியது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தேசிய விடுமுறையானது 1870-ல்.

அண்ணியின் அம்மாவுடைய முன்னோர் கியூபெக்கிலிருந்து இறங்கி வந்த பிரெஞ்சுக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தின் துணி ஆலைகளுக்கு அப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இந்த வீட்டில் டூர்ட்டியேர் கட்டாயம். மைதா மாவுத் தகட்டுக்குள் கொத்திய பன்றிக்கறியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்து அடுப்பில் சுடுகிற பை. கறி வேகும்போது கிராம்பும் பட்டையும் மணந்தன. அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு மசாலா டப்பாவைக் காட்டி, "உங்கள் பக்கத்துச் சரக்கு, சரியான அளவா சொல்லுங்கள்" என்றார். நான் கிராம்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். கூட்டினார். மேஜையில் எல்லோரும் இரண்டாம் துண்டு வாங்கிக்கொண்டார்கள்.

இரவு தேவாலயத்தில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியிலிருந்து அடுத்ததற்கு என்று சுடர் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. 'சைலன்ட் நைட்' பாடினார்கள். 1818-ல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் கிட்டார் துணையோடு முதன்முதலில் பாடப்பட்ட பாட்டு, இங்கே ஒரு பனிமலைச் சிற்றூரில். வீடு திரும்பியதும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பாலும் பிஸ்கட்டும், அவர் வண்டியிழுக்கும் கலைமான்களுக்குக் கேரட்டும் வைத்துவிட்டுப் படுத்தார்கள். விடிந்ததும் கணப்பில் தொங்கிய காலுறைகள் புடைத்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆரஞ்சுப் பழம். குளிர்காலத்தில் ஆரஞ்சு அபூர்வமாக இருந்த நாளின் மிச்சம். பரிசுகளை ஒரே நேரத்தில் பிரிப்பதில்லை. கடைக்குட்டியிலிருந்து தொடங்கி ஒருவர் பிரிக்க எல்லோரும் பார்க்க வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொடுத்தவர் முகத்தையும் பார்க்க நேரம் கிடைக்கிறது.

அதற்கப்புறம் நான் எதிர்பார்த்தது விருந்தும் தூக்கமும். பத்து மணிக்குள் வீடே பனிக்கால்சட்டைக்கு மாறிவிட்டது. விருந்து சாயங்காலம்தான். பகலில் மலை.

கிளம்புமுன் அண்ணியின் அப்பா என்னைக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். சுவரில் ஆணியடித்து ஒரு பலகை தொங்கியது. மஞ்சள் பெயின்ட் மங்கி, முனை வளைந்து, முனையில் ஒரு கயிறு. கால் வைக்கும் இடத்தில் வழுக்காமலிருக்க உலோக ஊசிகள் அடித்திருந்தன. "சின்ன வயதில் எனக்குக் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்தது. ஸ்னர்ஃபர்" என்றார். இன்றைய ஸ்னோபோர்டின் தாத்தா அதுதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் வீட்டில் அடங்காத தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அதன்மேல் நின்றுகொண்டே வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் சறுக்கினார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கும் கேட்டார்கள். மறு ஆண்டே பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு லட்சக்கணக்கில் விற்றது.

அப்படி ஒன்று நியூயார்க்கில் வளர்ந்த ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற பையன் கைக்குக் கிடைத்தது. அவர் 1977-ல் இதே லண்டன்டெரிக்கு வந்து, பலகையில் காலைப் பூட்டிக்கொள்ளப் பட்டைகள் வைத்துப் பார்த்தார். ஒன்று மாற்றி ஒன்றாக மாதிரிகள் செய்து, இரவில் ஆட்கள் போன பிறகு ஸ்ட்ராட்டன் மலையில் ஏறிச் சோதித்தார். பனிச்சறுக்கு மலைகள் அப்போது பலகைக்காரர்களை உள்ளே விடுவதில்லை. 1983-ல் ஸ்ட்ராட்டன் கதவைத் திறந்தது. பெரிய மலைகளில் அதுதான் முதல். 1998 நாகானோவில் ஸ்னோபோர்டிங் ஒலிம்பிக் விளையாட்டானது. அங்கே வெண்கலமும் அடுத்த ஒலிம்பிக்கில் தங்கமும் வென்ற ராஸ் பவர்ஸ், பக்கத்துத் தென் லண்டன்டெரிக்காரர். இதே வெர்மான்ட்டில் மேட் ரிவர் கிளென் மலை இன்றும் ஸ்னோபோர்டை அனுமதிப்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான். குழந்தைக்காக ஓர் அப்பா செய்த பொம்மைக்கு வேலி எதற்கு?

மலையடியில் எனக்கு ஆசிரியர் பத்து வயது அண்ணன் மகள். முதல் வேலையாகப் பின்னாலிருந்து திடீரென்று என்னைத் தள்ளினாள். தடுமாறி எந்தக் காலை முன்னால் வைத்தேன் என்று பார்த்துக்கொண்டு, "இடது கால். நீங்க ரெகுலர், சித்தப்பா" என்று தீர்ப்பு சொன்னாள். பலகையில் அந்தக் கால்தான் முன்னே நிற்க வேண்டுமாம். வலது கால் முன்னே வந்தால் கூஃபி. பிறகு பாடம் தமிழும் ஆங்கிலமுமாக நடந்தது. "முட்டியை மடக்குங்க. காலைப் பார்க்காதீங்க, போற இடத்தைப் பாருங்க. விழுந்தா கையை ஊன்றாதீங்க, முஷ்டியை மடக்கிக்குங்க."

அவள் சொல்லித் தந்ததில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருந்தது. பலகையின் இரு ஓரங்களிலும் இரும்பு விளிம்பு உண்டு. குதிகால் பக்க விளிம்பை அழுத்தினால் மலைக்கு முதுகு காட்டி நிற்கலாம், நழுவலாம். விரல் பக்க விளிம்பை அழுத்தினால் மலைப்பக்கம் முகம் திரும்பும். எந்த விளிம்பும் கடிக்காமல் பலகை தட்டையாக ஓடும்போது தவறான விளிம்பு பனியில் மாட்டினால், அந்த நொடியே கீழே. முதலில் காய்ந்த இலை விழுவதுபோல் ஒரே விளிம்பில் இடமும் வலமுமாக நழுவி இறங்கப் பழக்கினாள். பலகையின் பக்கங்கள் உள்வாங்கி வளைந்திருக்கின்றன. சாய்த்தால் அந்த வளைவே வட்டம் போட்டுத் திருப்பிவிடுகிறது. இது உடம்புக்குப் புரிந்த கணம் ஒன்று வந்தது. தோளைத் திருப்பினேன், பின்னால் இடுப்பு, அதன் பின்னால் பலகை. எந்தச் சத்தமும் இல்லாமல் மலை என்னைச் சுற்றித் திரும்பியது. நான் கத்தியே விட்டேன். அவளும் கத்தினாள்.

பிறகு மேலே போனோம். பழனி ரோப் காரில் இருக்கிற கூண்டு நாங்கள் ஏறியதில் இல்லை. வெறும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காலில் மட்டும் பலகை தொங்க, மரங்களின் தலைக்கு மேலே ஏறினோம். ஸ்ட்ராட்டன் 3,940 அடி. உச்சி நெருங்க நெருங்க ஸ்ப்ரூஸ் மரங்கள் உறைபனி அப்பி வெள்ளைக் கம்பளி போர்த்திய கூட்டமாக நின்றன. சுற்றிலும் 'பச்சை மலை' என்று பெயர்கொண்ட தொடர் நீலமாகவும் வெள்ளையாகவும் மடிப்பு மடிப்பாக விரிந்தது. எங்களுக்குக் கீழே சரிவில் பிள்ளைகளின் தாத்தா முன்னால் ஸ்கீயில் போக, அண்ணியும் அவர் தம்பியும் பலகைகளில் வளைந்து வளைந்து போக, கடைக்குட்டி இடுப்பில் வார் கட்டி அம்மா பிடியில் போய்க்கொண்டிருந்தது. மூன்று தலைமுறையும் ஒரே சரிவில் ஒரே நேரத்தில் விளையாடி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்றிரவு விருந்துக்குப் பிறகு மலைப்பக்கம் இரைச்சல் கேட்டது. பனி பீச்சும் இயந்திரங்கள். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துத் தூவினால் தரையில் விழுமுன் உறைந்து பனியாகிறது. போதிய குளிர் இருந்தால்தான் நடக்கும். தன் சின்ன வயதில் வானத்துப் பனியே போதும் என்றிருந்தது, இப்போது கிறிஸ்துமஸ் வாரத்தில்கூட மழை பெய்துவிடுகிறது என்று அண்ணியின் அப்பா கவலையோடு சொன்னார். குளிர் குறைந்தால் போவது விளையாட்டு மட்டும் இல்லை, மேப்பிள் பாகும் போகும். இரவு உறைந்து பகல் இளகினால்தான் மரத்தில் நீர் ஊறும். நாற்பது கேலன் நீரைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகு. இந்த ஊர்களின் பிழைப்பு முழுக்கக் குளிரை நம்பி இருக்கிறது.

வெர்மான்ட்டில் சீசன் பொதுவாக ஏப்ரல் வரை ஓடும். ஜனவரி, பிப்ரவரியில் பனி ஆழம். விடுமுறை வாரங்களைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. கட்டணமும் சற்றுக் குறையும். ஆனாலும் அழைக்க ஒரு வீடு உங்களுக்கு இருக்குமானால், கிறிஸ்துமஸ் வாரத்தில் போங்கள். தலைக்கவசம் வாடகைக்கு எடுங்கள், மணிக்கட்டுக் காப்பு மாட்டிக்கொள்ளுங்கள், முதல் நாள் பாடத்துக்குக் கட்டாயம் பணம் கட்டுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் பணமும் மிச்சம்.