மண்டி மொஹல்லாவில் கட்டிய மூட்டை

மைசூர் அரண்மனைக்கு வடக்கே, அசோகா சாலையை ஒட்டி அமைந்த பழைய பேட்டை மண்டி மொஹல்லா. மண்டி என்பது மொத்த வியாபாரம் நடைபெறும் இடம் என்று நம்மவர் அறிவர். மொஹல்லா என்பது பேட்டையைக் குறிக்கும் உருதுச் சொல். கன்னடமும் உருதுவும் தமிழும் அங்கே ஒரே கடை வாயிலில் ஒலிக்கும். தூய பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் அருகே உயர்ந்து நிற்கும். வெளிநாட்டிலுள்ள மக்களைக் காணப் புறப்படுவோர் பலரும் பிரயாணத்துக்கு முன் ஒருமுறை இந்தப் பேட்டைக்கு வருவது வழக்கம்.

துபாயில் வாழும் எங்கள் மகள் வீட்டுக்குச் செல்லுமுன் நாங்கள் இருவரும் அவ்வாறே சென்றோம். மிளகு, தனியா, புளி எல்லாம் நிறுத்தாயிற்று. கசகசாவைச் சொன்னதும் கடைக்காரர் தராசைக் கீழே வைத்து, "எந்த ஊருக்கு ஸார்?" என்று வினவினார். ஊரைச் சொன்னோம். "அங்கே இது ஆகாது, வேண்டாம்" என்று பொட்டலத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். வந்த வியாபாரத்தை வேண்டாமென்ற அவருடைய நேர்மையை நாங்கள் மறப்பதற்கில்லை.

மைசூரில் விருந்தென்றால் கசகசாப் பாயசம் உண்டு. ஆயின் அந்த விதை விளைவது அபினிச் செடியின் காயில். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசாங்க உரிமம் பெற்றவர்களே அதைப் பயிரிடலாம். விதையில் ஒட்டியிருக்கும் சிறு துகளிலும் போதைப்பொருளின் சாயல் இருக்கக்கூடுமாதலால், ஐக்கிய அரபு நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. அதனால் அங்கே சிறை புகுந்தோரும் உண்டு. இங்கே சமையற்கட்டுச் சாமான், அங்கே குற்றப்பொருள்!

வீடு திரும்பும் வழியில்தான் எங்களுக்கு ஒரு நினைவு எழுந்தது. முன்தினம் மாலை, அண்டை வீட்டு மூதாட்டியார் துபாயிலுள்ள தம் மகனிடம் சேர்க்கும்படி ஒரு மூட்டை தந்திருந்தார். வெள்ளைத் துணியில் நான்கு புறமும் தைத்திருந்தது. "இதில் என்ன?" என்று கேட்க எங்களுக்கு நாவெழவில்லை. ஆனால் சுங்க அதிகாரி முன் எவர் பெட்டியில் பொருள் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி. "பிறர் தந்தது" என்னும் சொல் அங்கே செல்லாது.

தயங்கித் தயங்கிச் சென்று விஷயத்தைச் சொன்னோம். அம்மையார் முகம் வாடிற்று. "என் கையால் தைத்ததைப் பிரிக்க வேண்டுமா, தம்பி?" என்றார். பதில் கூறத் தெரியாமல் நின்றோம். சற்று நேரம் கழித்து அவரே கத்தரிக்கோல் எடுத்துவந்து பிரித்தார். முறுக்கும் பருப்புப் பொடியும் இருந்தன. நடுவே கொப்பரை இரண்டு. அவற்றினடியில் ஒரு கசகசாப் பொட்டலம். "அவனுக்குப் பாயசம் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். கொப்பரையும் எண்ணெய் மிகுந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமான விதிகளில் அபாயப் பொருளாக வைக்கப்பட்டது. இரண்டையும் எடுத்துவிட்டோம். மறுநாள் காலை மூட்டை மீண்டும் வந்தது. இம்முறை அதைத் தைக்காமல், முடிச்சு மட்டும் போட்டிருந்தார்.

மைசூரின் மண்டகள்ளியிலிருந்து அயல்நாட்டு விமானம் இல்லாமையால், பெங்களூரையடுத்த தேவனஹள்ளிக்குச் சென்று ஏறினோம். துபாயில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். முடிச்சை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, புன்னகையோடு அனுப்பினார். அந்தச் சில நிமிடங்களில் எங்கள் நெஞ்சு பட்ட பாடு சொல்லி முடியாது. கசகசா இருந்திருந்தால்?

நிற்க. சுங்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலி முத்திரையிட்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதற் குலோத்துங்கன் (1070-1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். அதே காவிரிதான் மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்து ஓடுகிறது. அக்காலத்தில் நாடிய பொருள் வரி. இக்காலத்தில் வரியோடு விதையும் நோயும் போதையும் பொன்னும் தேடப்படுகின்றன.

பயணம் செல்லும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். சந்தனக் கட்டையைக் கட்டையாக வெளிநாடு கொண்டுபோகத் தடையுண்டு. சோப்பு வாங்கிச் செல்லுங்கள். ஆஸ்திரேலியா செல்வோர் விதை, பால் பண்டம், இறைச்சி எதுவாயினும் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். இங்கிருந்து அணிந்து செல்லும் நகைகளுக்குப் புறப்படுமுன்னரே சுங்க அலுவலகத்தில் சான்று பெற்றால், திரும்புகையில் வாதம் இராது. 2016-ஆம் ஆண்டு விதிகள், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் பெண்டிருக்கு 40 கிராம், ஆடவருக்கு 20 கிராம் நகையைத் தீர்வையின்றி அனுமதித்தன. ஆயினும் முறையே ஒரு லட்சம், ஐம்பதினாயிரம் ரூபாய் என மதிப்புக்கும் வரம்பு வைத்தமையால், பொன் விலை ஏறியபின் அந்த எடைக்குப் பயனில்லாது போயிற்று. விதிகள் மாறுவன; புறப்படும் ஒவ்வொரு முறையும் கேட்டறிதல் நலம்.

பிறர் மூட்டையைச் சுமந்து செல்வது நம்மவரின் நல்வழக்கம். அதை விட்டுவிட வேண்டியதில்லை. திறந்து பார்க்கக் கூசவும் வேண்டியதில்லை. ஊர் திரும்பியதும் அம்மையாரைக் கண்டோம். "முறுக்கு உடையாமல் போய்ச் சேர்ந்ததா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. சேர்ந்தது என்றோம். பாயசத்தை மகன் வரும்போது வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.