எண்ணெய் போட்ட ஸ்பாஞ்சு

முதல் இன்ஜினை நான் கொன்றது ஒரு சனிக்கிழமை காலையில். இரண்டு டேங்க் எரிபொருள் ஓடியிருக்கும், மொத்தம் இருபது நிமிடம். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. ஆறியதும் மறுபடி கிளம்பியது, சூடு ஏறியதும் மறுபடி நின்றது. கார்புரேட்டர் ஊசியைத் திருகித் திருகி அரை நாள் போயிற்று. கோளாறு அங்கே இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது.

பையனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. ரிமோட்டில் ஓடும் டிரக், ஆனால் பேட்டரி இல்லை, நிஜ இன்ஜின். "பேட்டரி வண்டின்னா தொந்தரவில்லைல்ல?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. சத்தமும் புகையும் ஆமணக்கெண்ணெய் கலந்த அந்த வாசனையும் வேண்டியிருந்தது எனக்குத்தான்.

இங்கே டெக்சஸில் எல்லோரும் இதை கேஸ் வண்டி என்கிறார்கள். உள்ளே ஊற்றுவது பெட்ரோல் அல்ல. மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடக் கொஞ்சம் எண்ணெய். இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, எரிபொருளில் வரும் எண்ணெய்தான் எல்லாம். 3.3 சிசி, கட்டைவிரல் முனை அளவு பிஸ்டன். அதில் ரிங்கே இல்லை. பித்தளை ஸ்லீவுக்கு உள்பக்கம் குரோமியப் பூச்சு, மேலே போகப்போக ஒரு மயிரிழை குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுகி நிற்கும். சூடானால் பித்தளை கூடுதலாக விரிந்து, சரியான இடைவெளி வரும். அந்த இறுக்கம்தான் அதன் உயிர். அது தேய்ந்தால் குளிரில் கிளம்பும், சூட்டில் சாகும். என் வண்டிக்கு நடந்தது அதுதான்.

தேய்த்தது மண். நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கணக்குப்படி நிமிடத்துக்கு நூறு லிட்டர் காற்று வரை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் இழுப்பது ஆறிலிருந்து எட்டு லிட்டர். அந்தக் காற்றை மறித்து நிற்பது ஒரு ஸ்பாஞ்சு. நான் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, சுத்தபத்தமாக மாட்டினேன். எண்ணெய் போடவில்லை.

அப்பா ஆறு மாத விசாவில் வந்தது அதற்கு அடுத்த மாதம். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் ப்ளோ ரூம், மிச்சம் கார்டிங். கராஜில் பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைச் சுற்றி இரண்டு நாள் பேசாமல் வந்து வந்து போனார். மூன்றாம் நாள் ஸ்பாஞ்சை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுக்கு எண்ணெ எங்க?"

"எதுக்குப்பா?"

"நம்ம கெணத்து ஆயில் இன்ஜினுக்கு அப்பாரு என்ன பண்ணுவாரு? காத்து உள்ள போற டப்பாவுல, அடிக்கிண்ணத்துல எண்ணெ ஊத்துவாரல்ல? வெறும் சல்லடைல கல்லு நிக்கும், தூசி நிக்குமா? தூசி ஒட்டோணும்டா."

எனக்கு அந்தக் கிண்ணம் நினைவிருந்தது. அடியில் சேறாகத் தங்கிய கறுப்பு எண்ணெயைக் கொட்டிவிட்டு வருவது என் வேலை. இருபது வருஷம் சாஃப்ட்வேர் எழுதியதில் அது எங்கோ போய்விட்டது.

புது பிஸ்டனும் ஸ்லீவும் வந்ததும் அப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். ஸ்பாஞ்சைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியைப் பிரஷ் போட்டுத் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும் கையாலேயே மண்ணைக் கார்புரேட்டருக்குள் தள்ளிவிடுவோம். கழற்றியதும் வாயில் துணி அடைப்பு. ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃபில்டர் எண்ணெய் விட்டு, பரோட்டா மாவு மாதிரிப் பிசைவார். நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக வரவேண்டும். பிறகு பிழிய வேண்டும். எண்ணெய் அதிகமானால் மூச்சு முட்டும். இரண்டடுக்கு ஸ்பாஞ்சு, வெளியே பெரிய துளை, உள்ளே சின்னது. ஃபில்டர் கழுத்து உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் டை ஒன்று இறுக்க வேண்டும். எவ்வளவு நல்ல ஸ்பாஞ்சானாலும் கழுத்தில் இடுக்கு இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். ஓட்டி முடித்ததும் கழுத்தின் உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். கறை இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும்.

மண்ணிலும் இங்கே இரண்டு ஜாதி. ஐ-35 நெடுஞ்சாலைக்கு மேற்கே சுண்ணாம்புக் கல், பவுடர் மாதிரி வெள்ளைத் தூசி. கிழக்கே கறுப்பு மண். முதல்முறை அந்தப் பக்கம் கூட்டிப்போனபோது அப்பா குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். "கரிசலுடா இது! பருத்தி போடுவானே?" போடுகிறான். பிளாக்லேண்ட் ப்ரேரி என்று பெயர். நம்மூர்க் கரிசலும் அதுவும் மண்ணியலில் ஒரே வகை. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் பசை.

மழைக்குத் தற்காப்பு வேறு. ரேடியோ ரிசீவரை ஒரு பிறந்தநாள் பலூனுக்குள் நுழைத்து வாயைக் கட்டிவிட்டோம், விலை பத்து சென்ட் இருக்காது. ஃபில்டருக்கு மேல் தண்ணீர் ஒட்டாத துணியில் ஓர் உறை. ஆனாலும் ஜூனில் ஒருநாள், முந்தின இரவு மழை, பையன் ஒரு குட்டையைத் தாண்டவைக்கிறேன் என்று வண்டியை அதற்குள் கவிழ்த்தான். முழுக முழுக. எடுத்து நிமிர்த்திய கையோடு ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தான்.

"இழுக்காதடா!" என்று அப்பா கத்திக்கொண்டே ஓடினார்.

அவர் சொன்னது சரி. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது பலமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். நானும் ஓடிப் போய் வண்டியைப் பிடுங்கி, கிளோ பிளக்கைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்துக் கயிற்றை மெதுவாக இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சியது. ஈர ஸ்பாஞ்சைக் கழற்றி வேறு போட்டேன். மெத்தனால் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால் டேங்க்கில் இருந்ததைக் கொட்டினேன். புது பிளக், புது எரிபொருள். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஈரம் ஆவியாகிப் போகட்டும் என்று ஓடவிட்டேன்.

பையன்தான், "டாட், தாத்தா" என்றான்.

அப்பா முப்பது அடிகூட ஓடியிருக்க மாட்டார். கறுப்புச் சேற்றில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பு எனக்குக் கேட்கும் தூரம்தான். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. பத்து நிமிடமாவது அப்படி இருந்திருப்பார். அந்தப் பத்து நிமிடமும் என் கையில் டிரக் இருந்தது.

அன்று ராத்திரிதான் கேட்டேன். மில்லில் எப்படி இருந்தது என்று. கேட்க எனக்கு நாற்பத்து நாலு வயது ஆகியிருக்கிறது.

"திங்கக்கெழமதாங் கஷ்டம். ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு போனா நெஞ்சு கட்டிக்கும். செவ்வா, புதனுக்குச் செரியாயிரும். எல்லாத்துக்கும் அப்படித்தான், எனக்கு மட்டுமா? மூஞ்சிக்குத் துண்டு கட்டுவோம். ஷிப்ட் முடிஞ்சு துண்ட ஒதறுனாப் பஞ்சு பஞ்சா பறக்கும்."

"தடுக்க வேற ஒண்ணும் குடுக்கலையா?"

"வெல்லம் குடுப்பாங்க. சாப்பிட்டாத் தொண்டையில இருக்கறது வயித்துக்குப் போயிரும்னு."

அந்தத் திங்கட்கிழமைக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, பிசினோசிஸ். வார விடுமுறைக்குப் பிறகு வரும் அந்த நெஞ்சிறுக்கம்தான் அதன் அடையாளமே. இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் அது இருந்தது. அமெரிக்காவில் பருத்தித் தூசிக்கு வரம்பு வைத்த விதி 1978இல் வந்தது. இதையெல்லாம் அன்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் படித்தேன். அதே மேசையில், அதே விளக்கில், போன மாதம் ஏர் ஃபில்டர்களைப் பற்றி இதைவிட அதிகமாகப் படித்திருந்தேன். ஒரு பொம்மையையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்து எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் வைத்தது நான் அல்ல, அப்படித்தான் அது நடந்தது. என் கல்லூரிக் கட்டணம் அந்த ப்ளோ ரூமிலிருந்து வந்தது என்பதும் நடந்ததுதான்.

செப்டம்பரில் ஊர் திரும்பினார். தங்கை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளந்தார்களாம். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்.

வண்டி இப்போதும் ஓடுகிறது. ஓட்டி முடித்ததும் பையன் டேங்க்கைக் காலியாக்கி, இன்ஜினில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிவைக்கிறான். இல்லாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். ஆறியபின் ஃப்ளைவீலை விரலால் திருப்பினால் உச்சியில் அந்த இறுக்கம் தட்டுப்படுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி, "ஸ்பாஞ்சு கழுவியாச்சா?"

"ஆச்சுப்பா. நீங்க இன்ஹேலர் எடுத்தீங்களா?"

"கழுத்துல துணி போட்டுத் தொடச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். சுத்தமா இருக்கு. இன்ஹேலர் எடுத்தீங்களா?"

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "எங்கிண்ணா எடுக்கறாரு? டப்பாவப் பிரிக்கவே இல்ல."