சில்லுக்குக் கால் முளைத்த கதை

உத்தியோகத்தினின்று இளைப்பாறியோருக்குத் தோட்டமும் கோயிற்பணியும் உற்ற துணையாவன. என் மனமோ சிறுபிராயந் தொட்டு யந்திரங்களையே நாடி நின்றது. கடந்த மூன்றாண்டுகளாக, நான்கு கால்களும் ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரு சில்லும் கொண்ட சிறு றோபோ ஒன்றை ஆக்கி வருகின்றேன். சமதரையில் அஃது உருளும். தடை எதிர்ப்படின் காலெடுத்து நடக்கும். அதுபற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தமையால் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மலையில்லாத யாழ்ப்பாணத்தில் சில்லுக்குக் கால் எதற்கு என்று வினவுவார் உளர். மலை இல்லைத்தான், ஆயின் தோட்ட வரம்பும் வாய்க்காலும் உண்டு, படலையடிக் கடப்பு உண்டு, விறாந்தைப் படி உண்டு, மணற்காட்டிலே சில்லைப் புதைக்கும் மணல்மேடுகளும் உண்டு.

சில்லினால் இயலாதது யாது என்பதைப் பிரயோக கணிதம் பயின்றோர் எளிதில் உணர்வர். படியின் உயரம் சில்லின் ஆரைக்குச் சமமாகும்போது, அச்சை எத்துணை விசையுடன் கிடையாக இழுப்பினும் சில்லு ஏறாது. விசை முழுவதும் படியின் விளிம்பை நேரே நோக்கிச் செல்வதால், சில்லை மேலே தூக்கும் திருப்பம் உண்டாவதில்லை. காலுக்கு இத்தடை இல்லை. ஆயினும் கால் பெருஞ்செலவாளி. சில்லின்மேல் நிற்கும் வண்டி சும்மா நிற்கும். முழங்கால் மடக்கி நிற்கும் யந்திரமோ நிற்பதற்கே மின்னை உண்ணும். ஆகவே உருளக்கூடிய இடத்தில் நடவாமலும், நடக்கவேண்டிய இடத்தில் உருளாமலும் இருக்கச் செய்வதே இவ்வமைப்பின் உயிர்நிலை.

இவ்வழியிற் சிந்தித்தோர் பலர். யப்பானிய அறிஞர் சிகேயோ ஹிரோசே, தோக்கியோ தொழினுட்ப நிறுவனத்தில் 1990களில் ஆக்கிய நாற்கால் யந்திரமொன்றின் சில்லுகளுக்கு மோட்டாரே இல்லை. சில்லுச் சப்பாத்து அணிந்து சறுக்கும் சிறுவரைப் போலக் கால்களை உள்ளும் புறமும் அசைத்தே அது முன்செல்லும். நடக்கவேண்டிய வேளையிற் கணுக்காலைத் திருப்பிச் சில்லைப் படுக்கவைத்து, அதனையே பாதமாக ஊன்றும். 2023 ஓகஸ்ட் 23 இல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தின் ஊர்தியும் இக்குடும்பத்துக்கு உறவினதே. 26 கிலோகிறாம் நிறையுடைய அதன் ஆறு சில்லுகளும் மூட்டுக்களாற் பிணைந்த கைகளிற் பூட்டப்பட்டமையால், ஒன்று கல்லின்மேல் ஏறும்போதும் ஏனையவை நிலத்தை விடா. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்த தமிழர் என்பது நமக்கு உவகை தருவதாகும்.

என் யந்திரம் அத்துணைப் பெருமைக்குரியதன்று. காலொன்றுக்கு இடுப்பிலும் முழங்காலிலும் சில்லிலும் ஒவ்வொன்றாக மோட்டார்கள் 12. காலெலும்பு அலுமினியக் குழாய். சில்லின் விட்டம் 10 சென்ரிமீற்றர். பற்றறியுடன் நிறை 4 கிலோகிறாம். நிற்கும்போது கால்கள் நிமிர்ந்து, பாரம் எலும்பு வழியே நிலத்திற் சேரும். ஒரு காலைத் தூக்குமுன், ஏனைய மூன்று சில்லுகளும் நிலத்தில் அமைக்கும் முக்கோணியினுள் புவியீர்ப்பு மையம் வந்திருத்தல் வேண்டும். இன்றேல் யந்திரம் சாயும். வெறுங்கால் இடம் மாறுவதாயின் தூக்கப்படல் வேண்டும். சில்லுக்காலோ நிலத்தை விடாமலே உருண்டு சென்று முக்கோணியை வேண்டியவாறு மாற்றும். மாற்றிய பின் சில்லுகளை அசையாது பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைத்தல் வேண்டும். இதனைக் கற்பிக்கவே ஓராண்டு சென்றது.

இம்முயற்சி வெறும் விளையாட்டாகாமற் காத்தவர் என் வகுப்புத் தோழர் ஒருவர். போர்க்காலத்தில் மிதிவெடியால் இரு கால்களையும் இழந்த அவர் சக்கர நாற்காலியிலேயே நடமாடுபவர். அதன் முன்சில்லின் ஆரை 10 சென்ரிமீற்றர். என் விறாந்தைப் படியோ 15. மேற்கூறிய கணக்கின் கடுமை அவ்விடத்தேதான் முழுதும் விளங்கும். இருவர் நாற்காலியோடு தூக்கியே அவரை உள்ளே கொணர்வர். பிறர் கையிற் பாரமாதல் அவருக்கு உவப்பன்று. ஆதலின் வரவும் அரிதாயிற்று.

படியேறும் நாற்காலி உலகில் இல்லாமலில்லை. அமெரிக்கரான டீன் கேமன் ஆக்கிய ஐபொட் என்னும் நாற்காலி, சில்லுகளை ஒன்றன்மேலொன்றாகப் புரட்டிப் படியேற வல்லது. 2003 இல் அந்நாட்டில் அனுமதி பெற்றும், விலை மிகுதியால் வாங்குவோர் சிலராக, 2009 இல் அதன் உற்பத்தி நின்றது. பிற்காலத்திற் புதுவடிவில் மீண்டது. இவற்றையெல்லாம் நான் ஆர்வத்தோடு எடுத்துரைத்தபோது, தோழர் சிரித்துக்கொண்டு, "மச்சான், உன்ரை யந்திரம் ஆறுதலாப் படியேறப் பழகட்டும், அதுக்கு முதல் இந்தப் படிக்கு ஒரு சரிவு போட ஏலாதோ?" என்றார்.

சக்கர நாற்காலிச் சரிவுக்குப் பல நாடுகளிலும் வழங்கும் விகிதம் 1க்கு 12. படி 15 சென்ரிமீற்றராயின் சரிவின் நீளம் 180. தச்சாசாரியார் ஒருவர் பனஞ்சிலாகை கொண்டு அரைநாளில் அதனை அமைத்துத் தந்தார்.

எனினும் யந்திரத்தை நான் கைவிட்டேனல்லேன். அறிந்த படிக்குப் பலகை போதும். சந்திரனின் பள்ளத்துக்கும் மழையிற் கரைந்த வரம்புக்கும் பலகை சுமந்து செல்வார் இலர். காலுள்ள சில்லுக்கு அவ்விடங்களே உரியன. நிலத்தைத் திருத்தல் எங்கே தகும், யந்திரத்தைத் திருத்தல் எங்கே தகும் என்று பகுத்தறிவதும் பொறியியலின் ஒரு பகுதியென்பதை என் தோழரிடமே கற்றேன். இப்பொழுது அவர் ஞாயிறுதோறும் தாமே உருட்டிக்கொண்டு வருகின்றார். மாணவப் பருவத்திற் கணிதத்தில் வகுப்புக்கு முதல்வராய் விளங்கியவர். முக்கோணிக் கணக்குகள் யாவும் இன்று அவர் பொறுப்பில் உள்ளன.

யந்திரம் 12 சென்ரிமீற்றர் படியைக் கடந்துவிட்டது. எஞ்சிய மூன்றுக்கு இளங்கைகள் தேவை. நம் மாணவருள் விருப்புடையோர் வருக. வருமுன், தத்தம் ஊரிலுள்ள வாசகசாலை, தபாற் கந்தோர், பாடசாலை ஆகியவற்றின் படிகளை அளவுநாடாவினால் அளந்து குறித்து வருக. அவற்றுட் பலவற்றுக்குப் பலகையே போதுமாயிருக்கும்.