விடுபட்ட பெயர்

எங்கள் குடும்ப வமிசாவளியைப் படியெடுத்துக்கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, நாம் தஞ்சையிலிருந்து பெங்களூர் வந்தோம், இங்கிருந்து அங்கே போனவர் உண்டா?" என்று வினவினாள்.

உண்டு என்றேன். பெங்களூரை ஆண்ட ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. 1676-ஐ ஒட்டித் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவர். அவர் மகன் துக்கோஜி. துக்கோஜியின் மகன் பிரதாபசிங்கர்.

பிரதாபசிங்கரின் தாய் அன்னபூரணா பட்டத்தரசி அல்லர்; வாளை முன்வைத்துச் செய்யும் கத்திக் கலியாணத்தால் அரண்மனை புகுந்தவர். ஆதலின் மகனுக்கு உரிமையில்லை என்றனர் பகைவர். எனினும் அவர் 1739-இல் அரியணை ஏறினார். 1749-இல் ஆங்கிலேயர், பதவியிழந்த ஷாஜியின் பக்கம் நின்று படையெடுத்தனர். தேவிகோட்டை கைக்கு வந்ததும் இவரையே மன்னராக ஏற்றனர்! 1763 வரை ஆண்டார். அவருக்குப்பின் மகன் துளஜா ஆண்டார். துளஜாவின் சுவீகாரப் புதல்வரே சரசுவதி மகாலை வளர்த்த இரண்டாம் சரபோஜி.

"அந்தத் தாயின் பெயர் தெரிகிறதே! நம் ஏட்டில் இவ்விடம் ஏன் வெறுமையாக இருக்கிறது?" என்றாள் பேத்தி.

என் பாட்டனாரைப் பெற்றவளின் இடம் அது. தாலி கட்டப்பெறாதவள் என்று பெரியோர் விட்டுவிட்டனர். அப்பெயரை நான் அறிவேன். இத்தனை ஆண்டுகளும் எழுதத் துணிந்திலேன். அன்று சொன்னேன். பேத்தி எழுதினாள்.