காக்கா ஆழியும் கோப்பு எழுதிய கையும்



ஆரணியில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆள் கடலைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து, பாலாறு வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. மழை பெய்கிற வருடங்களில் மட்டும். (பழவேற்காட்டில் கலக்கும் ஆரணியாறு வேறு. அது ஆந்திராவில் பிறந்து ஊத்துக்கோட்டை வழியாக வருவது.) தவிர, நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். பள்ளி விட்டால் கடற்கரைதான்.

இன்று ஒரு சிப்பியின் கதை. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடலோரம். 2014-இல் பிலிப்பைன்ஸில் தென்பட்டது. 2016-இல் சிங்கப்பூர். பிறகு கேரளத்துக் காயல்கள். இப்போது நம் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்திலும் குடியேறிவிட்டது.

இவ்வளவு தூரம் எப்படி வந்தது? சரக்கு இல்லாமல் போகும் கப்பல் ஆடாமல் இருக்க, அதன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வார்கள். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை வெளியே விடுவார்கள். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் மிதந்து வரும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

வந்தது என்ன செய்கிறது? நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இதுவும் நூல் நூற்கிற ஜாதி! உடம்பிலிருந்து பட்டுப் போன்ற மெல்லிய இழைகளை விட்டு, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். (மத்தியதரைக் கடலில் இதன் உறவினமான ஒரு பெரிய சிப்பியின் இழையை எடுத்து, ஒரு காலத்தில் கடல் பட்டு என்றே நெய்தார்கள்.) ஒன்றின் இழை இன்னொன்றைப் பிடிக்க, அது மற்றொன்றைப் பிடிக்க, பாவும் ஊடையும் போலப் பின்னி, சேற்றின் மேல் ஒரு கம்பளமே விரித்துவிடுகிறது.

அந்தச் சேறுதான் இறாலின் வீடு. இறால் அதில் புதைந்து வாழும், மேயும். கம்பளம் விரித்த இடத்தில் இறாலுக்கு வழி இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் வலையோ படகோ இல்லாமல், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் கைக்கு இன்று கிடைப்பது ஓட்டின் கூர் விளிம்புதான். தறியைப் பறிகொடுத்த நெசவாளியை நினைத்துப் பாருங்கள்.

விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யார் அகற்றுவது, யார் பணம் கொடுப்பது என்பது அங்கே பெரிய கேள்வியானது. 33 வருடம் அரசாங்க எழுத்தராகக் கோப்பு நகர்த்தியவன் நான். எனக்கு இது புதிதல்ல. ஆறு நீர்வளத் துறைக்கு, மீன் மீன்வளத் துறைக்கு, சதுப்பு நிலம் வனத் துறைக்கு, கப்பல் துறைமுகத்துக்கு. சிப்பி யாருக்கு? 'உரிய துறைக்கு அனுப்பலாம்' என்று குறிப்பு எழுதுவது சுலபம். உரிய துறை எது என்று முடிவாவதற்குள் சிப்பி இரண்டு தலைமுறை குட்டி போட்டுவிடும்.

இதே போன்ற இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1984-இல் மொனாக்கோவில், புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, காலெர்ப்பா என்ற வெப்பக் கடல் பாசி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தென்பட்டது. ஒரு மனிதர் ஒரு காலைப்பொழுதில் பிடுங்கிப் போட்டிருக்கலாம். நீஸ் நகரப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னெஸ் எச்சரித்தார். அது எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. பத்திரிகைகள் அதற்குக் கொலைகாரப் பாசி என்று பெயர் வைத்தன. அதற்குள் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவிவிட்டது.

அதே பாசி 2000 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காயலில் தென்பட்டது. அவர்கள் மூன்று வாரம் முடிவதற்குள் வேலையில் இறங்கினார்கள். பாசியைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006-இல் முற்றிலும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். பாசி ஒன்றுதான், தாமதத்தில்தான் வித்தியாசம்.

கப்பல் தொட்டி நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2017-இல். பதின்மூன்று வருடம்! சிப்பிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வெளியூரிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். நாம் சோறு உண்ணும் பட்டுப்புழுவே சீனாவிலிருந்து வந்ததுதானே. ஆனால் அதைத் தட்டில் வைத்து இலை போட்டு வளர்க்கிறோம். நம் கைக்குள் இருக்கிறது. கேட்காமல் வந்து பரவுவதை ஆரம்பத்திலேயே பார்த்தால்தான் உண்டு.

முதலில் பார்ப்பவர் யார்? ஆய்வாளர் அல்ல, அதிகாரியும் அல்ல. தினமும் அந்தச் சேற்றில் கை வைக்கிறவர்தான். 'புதுசா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருதுங்க ஐயா' என்று அவர் சொல்கிற அன்றே எழுதிக்கொள்ள, ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். தேதி, இடம், சொன்னவர் பெயர், பதில் போட வேண்டிய அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் என்று ஐந்து பத்தி போதும். நாங்கள் தன்பதிவேடு எழுதிய காலத்தில், நிலுவை என்று சிவப்பு மையில் விழுந்துவிட்டால் மேலதிகாரி கேள்வி கேட்பார் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தைக் கடற்கரைக்கும் கொஞ்சம் கொண்டுபோனால், அடுத்த சிப்பி ஒரு சதுர மீட்டர் அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம்.